அடகுக் கடைக்குப் போகும் முன் கிண்டிக்குப் போய் வாருங்கள்

பேரணாம்பட்டிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் (தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாய்) ஓட்டுகிறவர். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு 82, இயற்பியல் 85, வேதியியல் 94. சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் மைத்துனர் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறாராம். முதல் வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். வீட்டில் இருக்கும் 6 சவரனை அடகு வைத்தால் கட்டிவிடலாம். "திங்கள்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள், சீட் போய்விடுமோ என்று தூக்கமே வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

ஐயா, பயப்படாதீர்கள் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மனம் வரவில்லை. நேராகவே சொல்கிறேன்: அந்த அட்வான்ஸைக் கட்டாதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மதிப்பெண் முழுசாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகவும் சேரும். உங்கள் மகளுக்கு 82, 42.5, 47, கூட்டினால் 171.5. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-ல் சட்டமாக வந்தது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். ஆனால் அது கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்துக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த நிமிஷமே அந்த உரிமை போய்விடும். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும் அதோடு போகும். அதாவது உங்கள் மைத்துனர் பேசி வைத்திருப்பது, இலவசமாகக் கிடைக்க வேண்டியதை விட்டுவிட்டுக் கடன் வாங்கும் ஏற்பாடு. கம்ப்யூட்டர் சயின்ஸேதான் வேண்டும் என்றாலும், 171.5-க்கு அரசுப் பள்ளித் தர வரிசையில் கலந்தாய்வில் நின்று பார்க்காமல் பணம் கட்டுவதில் நியாயமே இல்லை.

6 சவரனை அடகு வைப்பது முதல் வருஷக் கட்டணத்துக்குத்தான். மீதி மூன்று வருஷத்துக்கு எது? கடிதத்தில் அதற்குப் பதிலே இல்லை. முதல் வருஷத்துக்கு மட்டும் வழி பார்த்துப் பிள்ளையைச் சேர்ப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாம் வருஷக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு கல்லூரி ஆபீஸ் வாசலில் நிற்கப் போவது நீங்கள் அல்ல, அந்தப் பெண். ஹால் டிக்கெட் நாள் நெருங்க நெருங்க அவளால் எப்படிப் படிக்க முடியும்?

பணத்தைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. மூன்று பக்கக் கடிதத்தில் மகளின் விருப்பம் ஒரே வரிதான்: "அவளுக்குக் கெமிஸ்ட்ரி என்றால் உயிர், லேபை விட்டு வரமாட்டாள்." அந்த வரியை வைத்துத்தான் மற்றதை முடிவு செய்திருக்க வேண்டும். நர்சிங், பி.காம்., ஆசிரியர் பயிற்சி பற்றியெல்லாம் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். அவற்றை விடுகிறேன். உங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தும் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்றைப் பேச வேண்டும்: பி.டெக். லெதர் டெக்னாலஜி.

உங்கள் முகம் மாறுவது தெரிகிறது. "நான்தான் இந்த நாற்றத்தில் கிடக்கிறேன், மகளுமா?" என்பீர்கள். உங்கள் அக்கா தங்கைகள், தோல் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பார்கள். தோலைத் தொட்டவரைத் தள்ளி வைத்த பழைய வழக்கம்தான் இன்னும் அப்படிப் பேச வைக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை நெடுகத் தோலை நம்பிச் சோறு உண்ணும் நாமே அந்தப் பேச்சுக்குப் பணிவது எனக்கு வேதனை தருகிறது.

இந்தப் பட்டப்படிப்பு கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் நடக்கிறது. ஏ.சி. டெக் என்பார்கள். 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ., பக்கத்திலேயே சர்தார் பட்டேல் சாலையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் பாடம் நடத்துகின்றன. ஆராய்ச்சி விஞ்ஞானிகளிடமே பாடம் கேட்கும் வாய்ப்பு இளநிலைப் படிப்பில் எளிதில் கிடைக்காது. தகுதி மற்ற பொறியியல் படிப்புகளுக்கு உள்ளதுதான்: கணக்கு, இயற்பியல், வேதியியல். மக்கள் ஒதுங்கிப் போவதால், அதே வளாகத்தின் மற்ற பிரிவுகளைவிடக் குறைந்த கட்-ஆஃப்பில் இடம் கிடைக்கும். சென்ற ஆண்டு எந்த மதிப்பெண் வரை எந்தப் பிரிவினருக்கு இடம் போனது என்று கலந்தாய்வு இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் சாதிப் பிரிவின் கட்டத்தை மட்டும் பாருங்கள். பொதுப் பிரிவு எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

உள்ளே என்ன படிப்பார்கள் என்பதை உங்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் பாதி உங்களுக்கே தெரியும். உப்புத் தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு முடி கழித்து, சதை எடுத்து, சுண்ணாம்பை இறக்கி, உப்பும் அமிலமும் சேர்த்து பிக்கிள் செய்கிறீர்கள். பி.எச். 3-க்குப் பக்கத்தில் வந்ததும் குரோம் பவுடர், தோல் எடைக்கு 8 சதவீதம் வாக்கில். கடைசியில் சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 3.8-க்கு ஏற்றுகிறீர்கள். பிறகு ப்ளூவில், அதாவது குரோம் ஏறி நீலமான தோலில், ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பீர்கள். பச்சைத் தோல் 60 டிகிரியை ஒட்டியே சுருண்டுவிடும், குரோம் ஏறிய தோல் 100 டிகிரியிலும் அசையாது. ஏன் அசையாது? தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளைக் குரோமியம் குறுக்கே கட்டிப்போடுகிறது. சோடாவை அவசரப்பட்டுக் கொட்டினால் ஏன் கெடுகிறது? குரோம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே இறங்காது. வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளுத்த கோடு நிற்கும். நீங்கள் கையால் அறிந்ததன் காரணத்தை அவள் படிப்பாள். கெமிஸ்ட்ரியை உயிராக நினைக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பொறியியல் எது?

இன்னொரு பாதி, கழிவு நீர். பழைய முறையில் போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடத் தோலில் ஏறாமல் தண்ணீரோடு போவதுண்டு. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பில் பெரும்பகுதி ஊறல் நீரில் கரைந்து வரும். பாலாறும் கிணறுகளும் கெட்டதற்கு இவையே பெரிய காரணங்கள். வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தீர்ப்பு அது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. உப்பைக் குறைப்பது, குரோமை மீட்டெடுப்பது, குரோமே இல்லாமல் பதனிடுவது எல்லாம் இன்று இத்துறையின் பெரிய ஆராய்ச்சிகள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் பழைய முறைக்கும் அங்கே இடமுண்டு. இந்த மண்ணைச் சரிசெய்யும் வேலையை இந்த மண்ணில் பிறந்த பெண் செய்யட்டுமே.

வேலை என்றால் டிரம் பக்கத்தில் நிற்பது மட்டும் இல்லை. தோலுக்கான ரசாயனம் தயாரிக்கும் கம்பெனிகளில் தொழில்நுட்ப ஆலோசகர், ஷூ கம்பெனிகளில் மூலப்பொருள் பரிசோதனை, வெளிநாட்டு பிராண்டுகளுக்காகத் தரம் பார்க்கும் வேலை, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், எம்.டெக்., ஆராய்ச்சி என்று விரியும். தமிழ்நாடு அரசு 2022-ல் காலணி, தோல் பொருட்களுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் தோல் சேராத காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது ஏற்றுமதியை நம்பிய தொழில். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஆர்டர் குறைந்தால் ஆம்பூரில் ஷிப்ட் குறையும். தோல் ஷாப்பின் உற்பத்திப் பிரிவில் பெண் டெக்னாலஜிஸ்டுகள் இன்னும் அரிது. லேப், ரசாயனம், தரப் பரிசோதனைப் பக்கம் அவர்களுக்கு வழி எளிது. ஐடி போலத் தொடக்கத்திலேயே பெரிய சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். இவ்வளவும் தெரிந்த பின் மகள் வேண்டாம் என்றால், வேண்டாம்தான். நான் சொன்னதற்காக அவளைத் தள்ளினால் மைத்துனர் செய்வதையே நானும் செய்ததாகிவிடும்.

எனவே பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வேலை நாளில் போங்கள். ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ காலை ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் சென்ட்ரல். எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிக் கிண்டி. மாலை அதே எக்ஸ்பிரஸில் திரும்பிவிடலாம். மைத்துனரையும் அங்கே வரச் சொல்லுங்கள். துறை அலுவலகத்தில் பாடத்திட்டம் கேளுங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் மகளைத் தனியாகப் பேச விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் அவள் கேட்க நினைப்பதைக் கேட்க மாட்டாள். எந்தக் கம்பெனியில் பயிற்சிக்குப் போனார்கள், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே, விடுதிச் சாப்பாடு எப்படி, எந்தப் பாடத்தில் அரியர் விழுகிறது என்று அவள் கேட்கட்டும். சி.எல்.ஆர்.ஐ. உள்ளே பார்க்க முன் அனுமதி வேண்டும்; பள்ளி வேதியியல் ஆசிரியை வழியாக முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

மைத்துனர் சொல்லும் கல்லூரியையும் அதே கண்ணோடு பாருங்கள். அழைப்பு வைத்து வரவேற்கும் நாளில் போகாதீர்கள். என்.பி.ஏ., நாக் (NAAC) இரண்டும் கல்லூரிகளின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய அமைப்புகள். என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப் பிரிவுவாரியாகத் தருவது, நாக் கல்லூரி முழுமைக்கும் தருவது. வாசலில் ஒன்றை எழுதி வைத்து மற்றதையும் சேர்த்துச் சொல்வார்கள். நீங்கள் சேரும் பிரிவுக்கு என்.பி.ஏ. உண்டா என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி சதவீதம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றின் சதவீதத்தை இதோடு ஒப்பிடக் கூடாது. கட்டணத்தைப் படிப்பு, பஸ், விடுதி, தேர்வு, பயிற்சி என்று பிரித்து லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். வாயால் சொன்ன 1,80,000 ஆகஸ்டில் ஏறும். வேலைவாய்ப்புப் பட்டியலில் போட்டோக்களை விட்டுவிட்டு, எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். கல்லூரிக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடமும் விசாரியுங்கள். அட்மிஷன் கவுன்டரில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமே தவிர, கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே யு.ஜி.சி. விதி.

இந்த வாரமே இ-சேவை மையத்தில் சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் இருப்பவர்களின் படிப்பு விவரத்தோடு உறுதிமொழி கேட்பார்கள், தாசில்தார் ஒப்புதலுக்கு நாள் ஆகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்ற விவரம் பள்ளிப் பதிவிலும் மகளின் விண்ணப்பத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். (அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 கிடையாது. பலரும் இதில் ஏமாறுகிறார்கள்.) புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்கு உண்டு, கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

விருப்பப் பட்டியல் போடும்போதுதான் அதிகம் கெடுகிறது. கணினி, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் தர வரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத் தரும். கிடைக்காது என்று நினைக்கும் இடத்தை முதலில் போடுவதால் கீழே உள்ளது பறிபோகாது. கிடைத்துவிடும் என்று வேண்டாத ஒன்றை மேலே போட்டால் அதுவேதான் வந்து நிற்கும். மகள் உண்மையிலேயே விரும்பும் வரிசையில், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பட்டியலை அவளே தட்டச்சு செய்யட்டும். பிரவுசிங் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த கெடுவுக்குள் இணையத்தில் உறுதி செய்தாக வேண்டும். தவறினால் அந்த இடம் போய்விடும். கேட்ட இடமே கிடைத்தால் அக்செப்ட் அண்ட் ஜாயின் கொடுத்து, ஆணையோடு கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதானால் அக்செப்ட் அண்ட் அப்வர்ட். அப்போது கல்லூரிக்கு அல்ல, கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். இரண்டையும் குழப்பி அலைந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

ஏ.சி. டெக் கிடைக்காமல் போனாலும், மகளுக்குக் காலணிப் பக்கம் பிடித்தால், கிண்டியில் மத்திய அரசின் காலணிப் பயிற்சி நிறுவனம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 2 ஆண்டு டிப்ளமா நடத்துகிறது. கிண்டிக்குப் போகும் நாளில் அங்கேயும் எட்டிப் பார்த்து, விண்ணப்பத் தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.