குள்ளமான பாக்ஸர் ஜாபைத் தாண்டி உள்ளே போவது எப்படி?

கேள்வி: எனக்கு உயரம் குறைவு. ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) நெட்டையான ஆட்கள் ஜாப், அதாவது முன்கையை நீட்டி விடும் நேர்க்குத்து, போட்டே என்னைத் தள்ளி நிறுத்திவிடுகிறார்கள். மைக் டைசனும் குள்ளம்தானே, அவர் மாதிரி குத்தில் பலம் ஏற்றினால் ஜெயிக்கலாமா? தினமும் ஒரு மணி நேரம் ஹெவி பேக் (தொங்கவிட்ட கனமான குத்துப் பை) அடிக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் குத்தில் பலம் இருக்கிறதா என்பது அப்புறம். அது எதிராளி மேல் விழும் தூரத்துக்கு நீங்கள் இன்னும் போகவே இல்லையே!

டைசனின் நாக் அவுட்டுகளைப் பார்க்கும்போது எல்லோரும் கையைத்தான் பார்க்கிறோம். அடுத்த முறை கையை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பாருங்கள். 1986 நவம்பரில், இருபதே வயதில், டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனாரே, அந்தச் சண்டையிலேயே பாருங்கள். இரண்டு கிளவுஸும் கன்னத்தை ஒட்டி இருக்கும், முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கும், தலை ஒரு இடத்தில் நிற்காது. 178 செ.மீ. ஆள், தன்னைவிட நெட்டையானவரின் ஜாபுக்குள் அப்படித்தான் புகுந்தார்.

பயிற்சியாளர் கஸ் டமாட்டோ இதற்காகவே கயிற்றில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டு ஆட்டிவிடுவார். கையால் தொடக் கூடாது, தலையை மட்டும் விலக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் அந்தச் சலிப்பில்தான் சாம்பியனே உருவானார்.

சூட்சுமம் இதுதான். எதிராளி இடது கையால் ஜாப் போடும்போது நீங்கள் வலது பக்கம் விலகினால் அவருடைய வலது கை உங்களுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும், அதே நேரத்தில் உங்கள் எடை முழுக்க வலது காலில் இறங்கியிருக்கும், அங்கிருந்து விலாவுக்கு ஒரு வலது ஹுக் (கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து) தானாக வரும். அதாவது விலகுவதே குத்துக்கான ஆயத்தம். பலமும் காலிலிருந்துதான் வருகிறது, அதனால்தான் வெறும் பேக் அடிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

தலை நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் டைசனே சாட்சி. டமாட்டோவுக்குப் பின் அதே பாணியில் டைசனுக்குப் பயிற்சி கொடுத்த கெவின் ரூனி 1988 கடைசியில் விலக்கப்பட்டார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில், தன்னைவிடக் கை நீளம் ஒரு அடி அதிகமான பஸ்டர் டக்ளஸை நோக்கி டைசன் நேராக நடந்து போனார், ஜாபை வாங்கிக்கொண்டே போனார். இடது கண் வீங்கி மூடியது. வீக்கத்தை அழுத்தும் இரும்புகூட அவர் மூலையில் இருந்த உதவியாளர்களிடம் இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் நிரப்பி ஒற்றினார்கள். எட்டாவது ரவுண்டில் டக்ளஸைக் கீழே விழவைத்த அதே பலம் அவரிடம் இருந்தது, ஆனாலும் பத்தாவதில் விழுந்தது டைசன்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பேக் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதன் அடியில் குனிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முன்னேறுங்கள். முதுகை வளைக்காதீர்கள், முட்டியை மடக்குங்கள், கண் எதிராளியின் நெஞ்சில் இருக்கட்டும். அப்புறம் நண்பரை மெதுவாக ஜாப் மட்டும் போடச் சொல்லி, மூன்று நிமிடம் நீங்கள் ஒரு குத்துகூட விடாமல் விலகிக்கொண்டே உள்ளே போய்ப் பாருங்கள். முதல் வாரம் நிறைய வாங்குவீர்கள், அதனால் ஹெட்கார்டு கட்டாயம். தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் வேண்டாம்.