பாணும் ரொட்டியும்: ஓர் ஆசிரியையின் கடிதம்

வணக்கம் ஐயா,

துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். வலய மட்டக் கட்டுரைப் போட்டிக்கு எங்கள் ஏழாம் தர மாணவி ஒருத்தி தன் வீட்டுக் காலைப்பொழுதைப் பற்றி எழுதினாள். ‘அப்பா சைக்கிளில் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வருவார். அம்மா சம்பல் இடிப்பார்’ என்பது அதில் ஒரு வரி. நடுவர் ‘பாண்’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே ‘ரொட்டி’ என்று எழுதி, ‘பிறமொழிச் சொல் தவிர்க்க’ என்று ஓரத்தில் குறித்துப் புள்ளியையும் குறைத்துவிட்டார். பிள்ளை தாளைக் கொண்டுவந்து, “ரீச்சர், அப்பா வாங்கி வந்தது ரொட்டி இல்லையே” என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பாண் தமிழ்ச் சொல்தானா? சங்ககாலப் பாணருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள்? வகுப்பில் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன். புள்ளி பற்றி முறையிட எங்களுக்கு ஒரு வார அவகாசம் இருக்கிறது.

—

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவி சொன்னதுதான் சரி. அவளுடைய அப்பா வாங்கி வந்தது ரொட்டி இல்லை. இலங்கையின் வடக்கே, நம் வன்னியில் ரொட்டி என்றால் கோதுமை மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் குழைத்து, உள்ளங்கையால் தட்டி, கல்லில் போட்டுச் சுடுவது. அது வீட்டு அடுப்படியில் நடக்கிற வேலை. அதை வாங்க யாரும் விடியற்காலையில் சைக்கிள் எடுப்பதில்லை. பாண் புளித்துப் பொங்கி, அச்சுக்குள் எழுந்து, போறணை என்கிற செங்கல் அடுப்பில் வேகிற பண்டம். நடுவர் ஒரு சொல்லைத் திருத்துவதாக எண்ணி அந்த வீட்டின் காலை உணவையே மாற்றிவிட்டார். தமிழ்நாட்டில் பாண் என்ற சொல் வழக்கில் இல்லை, அங்கே ரொட்டி என்பது இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். அது அவர்களுடைய வழக்கு, அங்கே அது சரி. இந்தப் பிள்ளையின் வாக்கியத்தில் அது பிழை.

அதே வரியில் நடுவர் வெட்டாமல் விட்ட சொற்களையும் பாருங்கள். சைக்கிள் ஆங்கிலம். சம்பல் மலாய். றாத்தல் போர்த்துக்கேயர் தந்தது, அவர்களுக்கு அதை அரபியர் தந்தார்கள், அரபியருக்குக் கிரேக்கத்தின் ‘லித்ரா’விலிருந்து வந்தது. அந்த லித்ராவே பிரெஞ்சுக்காரர் வழியாக லீற்றர் ஆகி நம்மிடம் இன்னொரு தடவை வந்து சேர்ந்தது. மண்ணெண்ணெயை லீற்றரிலும் பாணை றாத்தலிலும் வாங்குகிறோம், இரண்டும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். இறைச்சியும் சீனியும் கிலோவுக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 450 கிராம் பாண் மட்டும் கடைக்காரர் வாயில் இன்னும் ஒரு றாத்தல்தான். நடுவருக்கு இவை தமிழாகப் பட்டிருக்கின்றன, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். பாணுக்கும் அதே உரிமை உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

பாண், போர்த்துக்கேய மொழியின் ‘பாவ்’ என்ற சொல். மூக்கால் ஒலிக்கும் அந்த முடிவை நம் நாக்கு ‘ண்’ என்று எடுத்துக்கொண்டது, சிங்களமும் ‘பான்’ என்று எடுத்துக்கொண்டது. அதற்கு மூலம் லத்தீனின் ‘பானிஸ்’. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1560இல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசை விழுங்கினார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் இழந்து போனார்கள். வன்னி அவர்கள் கைக்குள் முழுதாக அடங்கவே இல்லை. வன்னியர்கள் என்ற அந்த நிலத்துச் சிற்றரசர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்துவிட்டுத் தங்கள் காட்டைத் தாங்களே ஆண்டார்கள். ஆட்சி நுழையத் தயங்கிய காட்டுக்குள்ளும் சொற்கள் நுழைந்துவிட்டன. கதிரை, அலுமாரி, சப்பாத்து, லேஞ்சி, யன்னல், சாவி என்று வீட்டுக்குள் இருப்பவை போதாதென்று, வேலிக்குக் கிடங்கு கிண்டும் அலவாங்கும் அவர்கள் மொழிதான். பாண் சுடும் போறணையும் அப்படியே. அவர்களுடைய ‘ஃபோர்னோ’ நம்மிடம் போறணையாயிற்று.

நீங்கள் ஒருநாள் பிள்ளைகளை விறகுப் போறணை உள்ள இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். வன்னியில் இன்னும் சில இருக்கின்றன. உள்ளே விறகை அடுக்கி எரித்து, செங்கல் சூடேறியதும் தணலை ஒதுக்கிவிடுவார்கள். பிறகு நீண்ட காம்புள்ள பலகையில் அச்சுகளை வைத்து உள்ளே தள்ளுவார்கள். தீயில்லாமல், கல் குடித்த சூட்டில் மட்டும் பாண் வேகிறது. கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்த மணத்துக்கு எந்த மொழியிலும் ஒரு சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அச்சிலிருந்து தட்டிக் கவிழ்த்த பாண்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி வரும். பிய்க்கும்போது பக்கம் வெள்ளையாக, நூல் நூலாகப் பிரியும். உங்கள் மாணவி ‘பாண்’ என்று எழுதியபோது அவள் மனதில் இருந்தது இதுதான்.

இனி உலகத்தின் கதை. கோதுமை விளையும் நாடுகளில் இதற்கு எங்கிருந்தும் சொல் வாங்கத் தேவை இருக்கவில்லை. ஜெர்மானியருக்கு ‘ப்ரோட்’, துருக்கியருக்கு ‘எக்மெக்’, பாரசீகருக்கு ‘நான்’. நெல் விளையும் நாடுகளில்தான் சிக்கல். வயலில் இல்லாத பொருள் ஒருநாள் கப்பலில் வந்து இறங்குகிறது, அதற்கு என்ன பெயர் சொல்வது? சிலர் பொருளோடு பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் 1543இல் ஜப்பானில் கால் வைத்தார்கள். அன்று கொடுத்த சொல்லை ஜப்பானியர் இன்றும் ‘பான்’ என்கிறார்கள். ஜப்பானியர் வழியாக அது கொரியாவில் ‘ப்பாங்’ ஆனது, தைவானின் ஹொக்கியன் பேச்சில் ‘பாங்’ ஆனது. பம்பாயில் ‘பாவ்’. வங்காளிகள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த ருட்டியையும் விடாமல் இரண்டையும் சேர்த்துப் ‘பாவுருட்டி’ என்றார்கள், நம் நடுவரையும் பிள்ளையையும் ஒரே சொல்லில் உட்கார வைத்ததுபோல. தோக்கியோவில் ஒரு பிள்ளையும் துணுக்காயில் ஒரு பிள்ளையும் காலையில் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சொல்லிக் கடைக்குப் போகிறார்கள் என்பதை உங்கள் வகுப்புக்குச் சொல்லுங்கள். எனக்கு இது முதன்முதலில் தெரிந்த நாளில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேறு சிலர் பொருளை வாங்கிக்கொண்டு பெயரைத் தாங்களே செய்தார்கள். சீனர்கள் ‘மியென்பாவ்’ என்கிறார்கள், மாவால் ஆன பொதி என்பதுபோல ஒரு பொருள். வியட்நாமியர் ‘பான் மீ’ என்கிறார்கள். அது ஒலியில் நம் பாணைப் போலக் கேட்டாலும் கோதுமைப் பலகாரம் என்றுதான் பொருள். மலாய்க்காரர் இந்தியாவிலிருந்து போன ரொட்டியையே எடுத்துப் பாணுக்கும் சூட்டிவிட்டார்கள். இந்த வழிகளில் ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அரபியில் பாணுக்கு ‘ஹுப்ஸ்’. வளைகுடா நாடுகளில் வேலைசெய்த நம்மவர்கள் குபூஸ் என்பார்கள். எகிப்தில் மட்டும் அதை ‘ஏஷ்’ என்பார்கள், அதாவது வாழ்வு. 2011இல் கெய்ரோவின் தெருக்களில் மக்கள் எழுப்பிய முழக்கத்தின் முதற்சொல் அதுதான்: பாண், சுதந்திரம், சமூக நீதி. குவைத்தில் வீட்டு வேலைசெய்து திரும்பிய எங்கள் ஊர் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏஷ் என்றால் சோறு, நான் எத்தனை வருடம் சமைத்தேன்” என்றார். அவர் சொன்னதும் சரிதான். வளைகுடாவில் அதே சொல் சோற்றைக் குறிக்கிறது. எது உயிரைத் தாங்குகிறதோ அதற்கு வாழ்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நைல் கரையில் அது கோதுமையாகவும் வளைகுடாவில் அரிசியாகவும் இருக்கிறது. ஹீப்ருவில் ‘லெஹெம்’ என்றால் பாண், அதே வேரிலிருந்து வந்த அரபியின் ‘லஹ்ம்’ இறைச்சி. பெத்லகேம் என்ற ஊரை ஹீப்ருவில் படித்தால் பாண் வீடு, அரபியில் படித்தால் இறைச்சி வீடு.

பெத்லகேம் என்றதும் மடுவும் நினைவுக்கு வருகிறது. ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பிய கத்தோலிக்கர் 1670இல் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் வந்தார்கள் என்பது மடுத் திருப்பதியின் வரலாறு. அந்தக் கோயிலில் ஆவணித் திருவிழாப் பூசையைக் கவனித்துக் கேளுங்கள். குருவானவர் பீடத்தில் உயர்த்துவது ‘அப்பம்’. விவிலியத்திலும் ஐந்து அப்பமும் இரண்டு மீனும்தான். சமயத்தையும் பாணையும் ஒரே போர்த்துக்கேயர்தான் கொண்டுவந்தார்கள், ஆனாலும் பீடத்துக்கு அப்பம், கடைக்குப் பாண் என்று தமிழ் பிரித்து வைத்துக்கொண்டது. பூசை முடிந்து வெளியே வந்து கடையில் அப்பம் கேட்டால் அரிசி மாவில் சுட்ட, நடுவில் மெத்தென்ற அப்பம் கிடைக்கும். மூன்று பொருள், இரண்டு சொல். யாருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

ஆங்கிலத்தையும் சொல்லிவிடுகிறேன், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும். பிரபுவைக் குறிக்கும் ‘லோர்ட்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் பாண் காவலன் என்ற பொருளில் பிறந்தது. ‘லேடி’ மாப் பிசைபவள். லத்தீனில் பாணைச் சேர்ந்து உண்பவர்கள் கூட்டாளிகள் ஆனார்கள், அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் கம்பனி. நம்மை ஆண்டுபோன கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரிலும், ஊர்க் கடையில் நாம் கேட்கும் பாணிலும் இருப்பது ஒரே ‘பானிஸ்’.

இப்போது வெதுப்பகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நடுவரின் மனதில் அதுவும் இருந்திருக்கும். விடுதலைப் புலிகளின் நிர்வாகம் இருந்த ஆண்டுகளில் வன்னியில் கடைப்பெயர்களைத் தமிழில் எழுதும் வழக்கம் ஊன்றியது. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பேக்கரிகளின் பலகைகளில் வெதுப்பகம் என்று வந்தது. வெதுப்புதல் பழைய தமிழ் வினை, அதிலிருந்து பிடித்த நல்ல சொல் அது. இன்றும் வாழ்கிறது, நானும் எழுதுகிறேன். பாணை வெதுப்பி என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அந்தச் சொல் எழுத்தில் நின்றது, அடுப்படிக்கு வரவில்லை. வெதுப்பகத்தில் பாண் வாங்குகிறோம் என்றுதான் சனம் சொல்லிற்று. அந்த முயற்சியைச் செய்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். மொழியின் மேல் உள்ள அக்கறைதான் அதைச் செய்ய வைத்தது, உங்கள் நடுவரின் சிவப்பு மையிலும் அதே அக்கறை இருக்கிறது. ஆனால் இடத்தின் பெயரை மாற்றிக்கொண்ட அதே மக்கள் பொருளின் பெயரைக் கைவிடவில்லை. 1990களில், பொருளாதாரத் தடையால் மாவும் எரிபொருளும் தட்டுப்பாடாகிப் போறணைகள் அணைந்து கிடந்த நாட்களில், பிள்ளைகள் அழுது கேட்டது பாண். 2022இல் கோதுமை மாவின் விலை ஏறிப் பாண் விலையும் கைக்கெட்டாமல் போனபோது வீடுகளில் பேசப்பட்டதும் பாண். பசியோடு சொல்லிப் பழகிய சொல்லை இனி யாரும் பிறமொழி என்று வெட்டக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தொல்காப்பியரே சொற்களை வகுத்தபோது திசைச்சொல்லுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்.

பாணர் பற்றிய கேள்விக்கு: தொடர்பு இல்லை. சங்க இலக்கியத்தின் ‘பாண்’ பாட்டையும் பாடும் குடியையும் குறிப்பது, நம்முடைய சொந்தச் சொல். இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன, அவ்வளவுதான். வகுப்பில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கும் பாணைச் சங்ககாலத்துக்குக் கொண்டுபோய்த் தமிழாக்க வேண்டிய அவசியமே இல்லை. 400 ஆண்டு வழக்கு அதற்குப் போதும்.

முறையீட்டை இந்த வாரமே அனுப்புங்கள். மொழிப்பற்று, தூய தமிழ் என்று விவாதத்தை நீட்ட வேண்டாம். இலங்கைத் தமிழில் பாண் என்பதும் ரொட்டி என்பதும் இரு வேறு உணவுகள், ஆகவே திருத்தம் வாக்கியத்தின் பொருளை மாற்றுகிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். தேவையென்றால் இந்தப் பதிலையும் இணைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம், அவளுடைய வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.