ஹெல்மெட் அபராதம் ஏர்போர்ட் வேலையைக் கெடுக்குமா?

தம்பி, தேவகோட்டை ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் இரண்டு முறை பிடிபட்டது மதுரை ஏர்போர்ட் டிரைவர் வேலைக்குத் தடையாகுமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். ஏர்போர்ட் பாஸுக்குப் போலீஸ் விசாரணை உண்டு, ஆனால் அபராதம் வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு போன்றவை என்றால்தான் கவலை, அவை கோர்ட் வரை போகும்.

சரி, பரிவாகன் என்ற அரசு போக்குவரத்து இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் நிலுவையில் உள்ளதா என்று இன்றே பாருங்கள். தலா 1,000 ரூபாய் நிலுவை இருந்தால் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். ஹெல்மெட்டுக்காக லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு, அதையும் பாருங்கள். விமானம் நிற்கும் பகுதியில் ஓட்டத் தனி பெர்மிட் வேண்டும், அதற்கு நடப்பு லைசென்ஸ் கட்டாயம்.

என் அக்கா மகனுக்கு லைசென்ஸில் புதுவயல் முகவரி, ஆதாரில் காரைக்குடி. அந்த வித்தியாசத்துக்கே போலீஸ் விசாரணை மூன்று வாரம் இழுத்தது. பாஸ் படிவத்தில் கேட்டால் எதையும் மறைக்காதீர்கள்.