பெரியவர்கள் கீழே விழுவது ஏன்? ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. போன மாதம் இரண்டு தடவை விழுந்துட்டாங்க. ரெண்டுமே விடியக்காலை, பாத்ரூம் போக எழுந்தப்ப. "வயசானா அப்படித்தான்"னு அப்பா சொல்றார். டைல்ஸை மாத்திடலாமா மேடம்?

டைல்ஸ் அப்புறம். முதலில் பிரஷரைப் பாருங்கள். இரண்டு முறையும் படுக்கையிலிருந்து எழுந்தபோதே விழுந்திருக்கிறார் என்றால் என் சந்தேகம் அங்கேதான் போகிறது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை அளந்து, நிற்க வைத்து ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் அந்தக் கணக்கை டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலான கிளினிக்குகளில் உட்கார வைத்து ஒரே தடவை பார்த்து அனுப்பிவிடுவதால் இது கண்ணில் படாமலே போகிறது.

கூடவே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றுமே தடுமாற வைக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். டாக்டர் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

இன்று இரவே செய்யக்கூடியது: எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை ஆட்டிவிட்டு நிற்கச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு ஜீரோ வாட் வெளிச்சம் இருக்கட்டும். ராத்திரி எழ வேண்டுமே என்று பகலெல்லாம் தண்ணீரே குடிக்காத அம்மாக்கள் நிறைய. அதனாலும் பிரஷர் இறங்கும். பகலில் குடித்துவிட்டு, படுக்கப் போகும் முன் மட்டும் குறைத்தால் போதும்.

கேள்வி: தாத்தா டாய்லெட்டில் குழாயைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்கிறார். கைப்பிடி எங்கே மாட்டணும்?

குழாயும் துண்டுக் கம்பியும் ஆள் எடையைத் தாங்கச் செய்தவை அல்ல. அவர் கை இயல்பாக எங்கே போகிறது என்று பாருங்கள். கைப்பிடி அங்கேதான் வர வேண்டும். டாய்லெட் பக்கச் சுவரில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. டைல்ஸைத் தட்டிப் பார்த்து, 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்த இடம் வேண்டாம். ஒட்டுகிற வகை, ரப்பர் கப் வகை இரண்டையும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: கதவு. உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்து, விழுந்தவர் அதன்மேலேயே கிடந்தால் எப்படித் திறப்பீர்கள்? வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். முடியாவிட்டால், தாழ் போடாமல் சும்மா சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெய்க் குளியல் அன்று, குளித்து முடித்த தரையை யாராவது சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். அடுத்துப் போகிறவர்தான் வழுக்கி விழுவார்.

கேள்வி: எனக்கு 68. தினமும் முக்கால் மணி நேரம் வாக்கிங் போறேன். அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் விழாமல் இருக்க அது மட்டும் போதாது. தொடைக்கு வலுவும், நிலை தடுமாறினால் சட்டென்று காலை எடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, உடற்பயிற்சி செய்யும் பெரியவர்களிடம் விழும் எண்ணிக்கை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. தடுமாறாமல் நிற்கப் பழக்கும் நிலைப்பயிற்சி சேர்ந்த முறைகளுக்கே அதில் வலுவான ஆதாரம்.

முதலில் ஒரு சோதனை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வயதில் ஆண் என்றால் 12, பெண் என்றால் 11. அதற்குக் கீழே போனால் கால் வலு போதவில்லை.

பயிற்சிக்குச் சமையல் மேடையே போதும். பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நில்லுங்கள். பிறகு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை, குதிகால் விரலைத் தொட, வைத்து 10 விநாடி. பிறகு மேடையோரமாகப் பக்கவாட்டில் நடை. பழகப் பழக இரு கையை ஒரு கையாக்கி, அப்புறம் ஒரு விரலாக்குங்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான முறையும் இதே வழிதான்: வாரம் மூன்று நாள், சுமார் அரை மணி நேரம். கொஞ்சமும் தடுமாறாமல் செய்ய முடிகிறது என்றால் பயிற்சி உங்களுக்கு எளிதாகிவிட்டது, அடுத்த படிக்குப் போங்கள்.

கேள்வி: இடது முழங்கால் வலிக்குது. தடியை எந்தக் கையில் பிடிக்கணும்?

வலது கையில். செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். கீழே ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: அப்பா பல வருஷமா தலைசுத்தல் மாத்திரை சாப்பிடுறார். ஆனாலும் தள்ளாட்டம் கூடிக்கிட்டே போகுது.

சின்னாரிசின் மாதிரி மாத்திரைகளை வருடக்கணக்கில் சாப்பிட்டால், அவையே நடையைத் தளர்த்தி, கை நடுக்கத்தையும் கொண்டுவரலாம். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் சுற்றல் என்றால் காதுக்குள் இருக்கும் நுண்துகள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பி அதைச் சரிசெய்வார்கள். பலருக்கு ஓரிரு தடவையிலேயே நின்றுவிடும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் பாத உணர்ச்சியையும், மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கால்சியம் மாத்திரை போட்டா விழாம இருப்பாங்களா?

அது எலும்புக்கு. தடுமாற்றத்தை நிறுத்தாது.

கேள்வி: விழுந்துட்டா உடனே தூக்கலாமா?

அவசரப்பட்டுக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அசைக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அடி ஏதும் இல்லையென்றால், ஒருக்களித்து, முட்டி போட்டு, பக்கத்தில் வைத்த நாற்காலியைப் பிடித்து அவரே எழட்டும்; நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விழுந்ததிலிருந்து பாட்டி கட்டிலை விட்டு இறங்கவே பயப்படுறாங்க. நாங்களும் "நீ நடக்காதே"ன்னு சொல்லிட்டோம்.

அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். படுத்தே கிடந்தால் இரண்டே வாரத்தில் தொடை வற்றத் தொடங்கும், அடுத்த தடவை இன்னும் எளிதாக விழுவார். எலும்பு முறிவு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் அல்லவா? அப்படியானால் நாளைக் காலை காபியைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒருவர் கூடவே நடந்து, அவரைச் சமையலறை வரை அழைத்து வந்து அங்கே கொடுங்கள்.