15 வாட் வால்வு ஆம்ப் கச்சேரிக்குப் பத்துமா?

கோவையில் ஆம்ப் பழுது பார்ப்பது என் தொழில், முகூர்த்த நாளென்றால் ஒரு இன்னிசைக் குழுவில் கிதாரும் வாசிப்பேன். சின்ன வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிதார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

திருப்பூர், கல்லூரி மாணவர்: ஏனுங்ணா, 15 வாட், 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று போட்ட வால்வு ஆம்ப் செகண்ட் ஹேண்டில் வருது. ட்ரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாம் இருக்கிற பேண்டுக்குப் பத்துமுங்களா?

பத்தும் தம்பி. ஆனால் நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாட் எண்ணைப் பார்த்து எல்லாரும் ஏமாறுகிறார்கள், வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, கூடுவது வெறும் 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு). காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கவேண்டும் என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படிப் பார்த்தால் 100 வாட் ஆம்ப் உங்கள் 15 வாட்டை விட இரண்டு மடங்குகூடச் சத்தம் இல்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் 15 வாட் போனால் கிட்டத்தட்ட 109 வரும், அந்தத் தூரத்தில் நின்றால் காதைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றும்.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ட்ரம்ஸ்காரர் கை ஓங்கினால் செட்டே 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு மேலே கேட்கவேண்டும் என்று வால்யூமைத் திருகினால் வால்வு ஆம்ப் கரகரக்க ஆரம்பித்துவிடும். ராக், ப்ளூஸ் வாசித்தால் அந்தக் கரகரப்புதான் வேண்டும், 15 வாட் அமிர்தம். கல்யாண மண்டபத்தில் மெலடிக்குப் பளிச்சென்ற க்ளீன் (கரகரப்பில்லாத) ஆர்ப்பெஜியோ, அதாவது கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டி, வாசிக்கவேண்டும் என்றால் அதே ஆம்ப் பாதி வால்யூமுக்கு முன்னாலேயே திணறும், அதற்கு 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் மாதிரி ஒன்று வேண்டும். அல்லது ஆம்ப் முன்னால் மைக் வைத்து மைக் செட்டில் கொடுக்கவேண்டும்.

ஈரோடு, நோம்பி மேடைகளில் வாசிப்பவர்: என்னிடம் 5 வாட், 8 இஞ்ச் ஸ்பீக்கர். மாரியம்மன் நோம்பிக்குத் திடலில் மேடை. கேட்குமா?

மைக் இல்லாமல் கேட்காது, பக்கத்துத் தெருவில் ஜமாப் மேளம் அடித்தால் உங்களுக்கே கேட்காது. திறந்தவெளியில் சத்தம் திரும்பி வரச் சுவரில்லை, தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும்.

ஆனால் மைக் வைத்தால் 5 வாட் தாராளம். அறுபதுகளில் பெரிய ஆம்ப் எல்லாம் வந்ததற்குக் காரணமே, அப்போது ஒலிபெருக்கி பாடகருக்கு மட்டும்தான், கிதார் தன் பலத்திலேயே அரங்கை நிரப்பவேண்டியிருந்தது. 1965இல் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் 100 வாட் வாக்ஸ் ஆம்புகளோடு ஏறியும் 55,000 பேர் போட்ட கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்றைக்கு உங்கள் ஊர் மைக் செட்காரரின் பாக்ஸ் அடுக்கு அதையெல்லாம் சாப்பிட்டுவிடும். அவரிடம் கருவிகளுக்கு வைக்கும் ஷூர் எஸ்எம்57 மைக் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பாட்டு மைக்கான எஸ்எம்58 போதும். ஆனால் ஸ்டாண்டு கேளுங்கள். பாதிப் பேர் மைக்கை ஆம்ப் கைப்பிடியில் சுற்றித் தொங்கவிடுகிறார்கள், அது துணியைப் பார்க்காமல் தரையைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு விரல் தூரம், நடுக் குமிழுக்கும் விளிம்புக்கும் இடையில் நேராக நிற்கவேண்டும். நடுவுக்குப் போனால் கீச்சென்று இருக்கும், விளிம்புக்குப் போனால் மந்தம்.

பொள்ளாச்சி, சர்ச் குழுவில் வாசிப்பவர்: அண்ணா, ஆம்ப் என் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, எனக்குச் சரியாகக் கேட்பதில்லை, முன்வரிசையில் இருப்பவர்கள் காது வலிக்கிறது என்கிறார்கள்.

அம்மிணி, ஆம்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்க வையுங்கள். ட்ரெபிள், அதாவது கீச்சென்ற உச்ச ஒலி, டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில்தான் போகும். இப்போது அது உங்கள் முழங்காலைத் தாண்டி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதில் போய் விழுகிறது. இதற்குப் புது ஆம்ப் வாங்காதீர்கள்.

கரூர்: வால்வு வாட் டிரான்சிஸ்டர் வாட்டை விடச் சத்தமா?

வாட் வாட்தான். வால்வு ஆம்பை அதன் அளவுக்கு மேல் ஓட்டினாலும் கேட்க நன்றாக இருப்பதால் தைரியமாகத் திருகுகிறோம், டிரான்சிஸ்டரை அப்படித் திருகினால் நாராசம். அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம்: ஆம்பை மாற்றாமல் சத்தத்தைக் கூட்ட வழி உண்டா?

ஸ்பீக்கரை மாற்றுங்கள். 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு செலஸ்டியன் விண்டேஜ் 30 போல 100 டெசிபல் ஒன்று போட்டால் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன், செலவு அதைவிடக் குறைவு. 8 ஓமுக்கு 8, 16க்கு 16, ஸ்பீக்கரின் மின்தடை அளவான ஓம் மாறக்கூடாது. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு மட்டும் ஆம்பை ஓட்டிப் பார்க்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். மூடியைக் கழற்றும் ஆர்வமும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

கோபி: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஆம்ப், 120 வோல்ட். இங்கே ஜெனரேட்டரில் வாசிக்கலாமா?

நேராகச் செருகினால் முடிந்தது கதை. 230இலிருந்து 120க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கோவையில் சுற்றித் தருவார்கள், 15 வாட் ஆம்புக்கு 200 விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் சக்தியின் அளவு) போதும். 60 ஹெர்ட்ஸுக்கு என்றே சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் அதிகமாகச் சுடும், முதல் ஒரு மணி நேரம் கைவைத்துப் பாருங்கள். ஜெனரேட்டரில் சீரியல் செட்டெல்லாம் ஏற்றியபின் 190க்கு இறங்கினால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழைக்கே பத்தாது, சத்தம் சோர்ந்துபோகும். ஸ்டெபிலைசரும் கூடவே எடுத்துப் போங்கள், மைக் செட்காரர் வோல்டேஜ் பிரமாதம் என்று சொன்னாலும் சரி.

கோவை, காந்திபுரம்: கஃபேயில் வாசிக்கிறேன். முதலாளி 15 வாட்டே ரொம்பச் சத்தம் என்கிறார்.

அவர் சொல்வது சரிதான். வால்யூமைக் குறைத்தால் தொனி செத்துவிடுகிறது என்பீர்கள், அதற்குத்தான் அட்டென்யுவேட்டர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டால் மிச்ச சக்தியைச் சூடாக்கி விட்டுவிடும். ஓம் பொருந்தியதாக, ஆம்ப் வாட்டைவிட இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். காசு இல்லையென்றால் ஆம்பைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து வாசித்துப் பாருங்கள், அதுவே போதும் என்று அவர் சொன்னாலும் சொல்லுவார்.