கடமைக்குக் கொடுக்கும் சாக்லேட்

அன்புள்ள சார்,

என் மகள் ஜப்பானிய அனிமே விடாமல் பார்க்கிறாள். அதில் பிப்ரவரி 14 வந்தால் பெண்கள்தான் ஆண்களுக்கு சாக்லேட் தருகிறார்கள். பிடித்தவனுக்கு மட்டுமா, ஆபீஸில் மேலதிகாரி வரைக்கும். இதெல்லாம் சாக்லேட் கம்பெனிகள் கிளப்பிவிட்டதுதானே?

க.

அன்புள்ள க.,

கிளப்பிவிட்டது கம்பெனிகள்தான். ஆனால் அவர்கள் கூப்பிட்டதும் யாரும் ஓடி வரவில்லை. கோபே நகரின் மொரோசோஃப் என்ற மிட்டாய் கம்பெனி 1936-லேயே காதலர் தினத்துக்கு விளம்பரம் கொடுத்தது. அதுவும் ஜப்பானில் இருந்த வெளிநாட்டவர் படித்த ஆங்கிலப் பத்திரிகையில். 1958-இல் மேரி சாக்லேட் நிறுவனம் டோக்கியோவின் இசெட்டான் கடையில் காதலர் தின விற்பனை வைத்தபோது வசூல் வெறும் 170 யென். மறு வருஷம் இதய வடிவில் சாக்லேட் செய்து, ஆண்டுக்கு ஒருநாள் பெண்ணே முதலில் காதலைச் சொல்லலாம் என்று விளம்பரப்படுத்தினார்கள். பெண் வாய்திறந்து சொல்லத் தயங்கிய காலம் அது. எழுபதுகளில் பள்ளி மாணவிகள் அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வழக்கமே வேர்விட்டது.

பிடித்தவனுக்குத் தருவது ஹொன்மெய் சாக்லேட். பல பெண்கள் அதைக் கையால் செய்வார்கள். கடையில் வாங்கிய கட்டியைக் கத்தியால் பொடியாக நறுக்கி, வெந்நீர் மேல் வைத்த கிண்ணத்தில் மெல்ல உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் திரிதிரியாகக் கட்டிப்போகும். அச்சில் ஊற்றி, ஆறவைத்து, ரிப்பன் கட்டி, நேரில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் பள்ளியில் அவன் செருப்பு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அனிமேயில் இந்தக் காட்சி அடிக்கடி வரும்.

எனக்கு வருத்தம் தருவது ஆபீஸ் விஷயம். அது கிரி சாக்லேட், கடமைக்குக் கொடுப்பது. யாரையும் விட்டுவிடக் கூடாது, யாருக்கும் கூடுதலாகவும் போய்விடக் கூடாது. செலவும் கவலையும் பெண் ஊழியர் தலையில். ஆண்கள் திருப்பித் தர மார்ச் 14 இருக்கிறது. மிட்டாய்த் தொழில் சங்கம் 1980-இல் தொடங்கிய 'வெள்ளை நாள்' அது. வாங்கியதைப் போல மூன்று மடங்கு தர வேண்டும் என்ற பேச்சு வேறு. கொடுத்தவருக்கும் நிம்மதி இல்லை, வாங்கியவருக்கும் இல்லை.

2018 பிப்ரவரி 1 அன்று கொடைவா நிறுவனம் நிக்கேய் நாளிதழில் ஒரு முழுப்பக்கம் எடுத்து, ஜப்பான் கிரி சாக்லேட்டை நிறுத்தட்டும் என்று கேட்டது. வேண்டாம் என்று ஆண்களே, முக்கியமாக மேலிடத்தில் இருப்பவர்களே சொல்லுங்கள் என்றது. சாக்லேட் விற்பவரே அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், இருக்கட்டும். மேலே இருப்பவர் வாய்திறக்காமல் கீழே இருப்பவரால் இந்த மாதிரிச் சடங்கை விட முடியாது.

இதற்கிடையில் பெண்கள் தாங்களாகவே வேறு வழி கண்டுவிட்டார்கள். தோழிகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வது தொமோ சாக்லேட். தனக்குத்தானே வாங்கிக்கொள்வதும் உண்டு. ஜனவரிக் கடைசியில் பெரிய கடைகளின் சாக்லேட் விழாக்களில் வரிசையில் நிற்கும் பெண்களில் பலர் வாங்குவது தங்களுக்குத்தான். நல்ல சாக்லேட்டாகப் பார்த்து வாங்குகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம்.