வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "உங்கள் மார்பை நீங்களே அவ்வப்போது தொட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமானதாக இருக்கின்றன. பெயர் போட வேண்டாம் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். சரி, யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும் போடுகிறேன்.

எனக்கு 46 வயது. இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி, நான்கு மாதமாக இருக்கிறது. வலி கொஞ்சமும் இல்லை. மகளுக்குத் தையில் கல்யாணம். அது முடிந்ததும் டாக்டரிடம் போகலாமா? வலி வந்தால் மட்டும் போனால் போதுமா?
— வாசகி, தேனி

தை வரை காத்திருக்காதீர்கள் அம்மா. இந்த இதழ் கைக்கு வந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் "வலி கொஞ்சமும் இல்லை" என்ற இடத்தில் வயிற்றைக் கலக்கியது. பல்வலி, வயிற்றுவலி என்று எல்லாவற்றிலும் வலி வந்தால் நோய், வலி போனால் குணம் என்று நாம் பழகிவிட்டோம். மார்பில் அந்தக் கணக்கு ஒத்துவராது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு பக்கமும் கனத்து வலிக்கிறதே, அது ஹார்மோன் செய்யும் வேலை. அந்த வலிக்குப் பயந்து ஓடி வருகிறவர்கள் நிறைய பேர். உங்களைப் போல வலிக்காத கட்டியோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பெண்கள் கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, நீர்க்கட்டியாகவோ சாதாரணக் கட்டியாகவோதான் இருக்கும். ஆனால் எது எந்தக் கட்டி என்று உங்கள் விரல் சொல்லாது, டாக்டரின் விரலும் அதை மட்டும் வைத்துச் சொல்லிவிடாது. டாக்டர் தொட்டுப் பார்ப்பார், மேமோகிராமும் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம்) ஸ்கேனும் எடுப்பார்கள், சந்தேகம் இருந்தால் ஊசி போட்டுத் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். மூன்றும் சாதாரணக் கட்டிதான் என்று ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதியாகக் கல்யாண வேலையைப் பார்க்கலாம்.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்று யாராவது சொந்தக்காரர் நிச்சயம் சொல்வார். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் பரவும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சின்னக் கட்டிதானே, வெட்டி எடுத்துவிடலாம்" என்று ஊசிப் பரிசோதனை செய்யாமலே யாராவது நேராக ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், முதலில் பயாப்ஸி செய்யுங்கள் என்று நீங்களே கேளுங்கள். அது புற்றுநோயாக இருந்தால் ஆபரேஷன் முதலிலா மருந்து முதலிலா, எவ்வளவு எடுப்பது, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளைப் பார்க்க வேண்டுமா என்று எல்லாத் திட்டமும் மாறும், அரைகுறையாக வெட்டிய பிறகு வந்தால் டாக்டர்களான எங்கள் வேலையும் சிக்கல், உங்கள் உடம்புக்கும் சிரமம். உங்கள் மாவட்டத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செலவை நினைத்துத் தயங்கினால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை புற்றுநோய் சிகிச்சைக்கும் பயன்படும், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

எனக்கு 21 வயது, ஹாஸ்டலில் இருக்கிறேன். சுயபரிசோதனையை எந்த நாளில், எப்படிச் செய்ய வேண்டும்? வீடியோக்களில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.
— மாணவி, திருநெல்வேலி

பீரியட்ஸ் ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணி ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் பாருங்கள், அப்போதுதான் வீக்கமும் வலியும் குறைந்து மார்பு மிருதுவாக இருக்கும். (மாதவிலக்கு நின்றுபோன அம்மாக்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம், பென்ஷன் வரும் தேதி, அமாவாசை, எது மறக்காதோ அது.)

முதலில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். கையைத் தொங்கவிட்டு ஒருமுறை, மேலே தூக்கி ஒருமுறை, இடுப்பில் கை வைத்து நன்றாக அழுத்திக்கொண்டு ஒருமுறை. தோலில் எங்காவது குழி விழுகிறதா, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறதா, முன்பு வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறதா, காம்பில் ஆறாத சொறி இருக்கிறதா, தானாக ரத்தமோ நீரோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள், யாருக்குமே அச்சாக ஒன்றுபோல் இருக்காது. சமீபத்தில் மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் மல்லாந்து படுத்து, பார்க்கிற பக்கத் தோளுக்கு அடியில் சின்னத் தலையணை வைத்து, அந்தக் கையைத் தலைக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, மறு கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் போட்டபடி, மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று வயலை உழுகிற மாதிரி வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் லேசாக, கொஞ்சம் அழுத்தி, நன்றாக அழுத்தி என்று மூன்று அழுத்தம். காறை எலும்பிலிருந்து பிரா முடியும் கோட்டுக்குக் கீழ் வரை, நெஞ்செலும்பிலிருந்து அக்குள் வரை எதையும் விடக் கூடாது. அக்குளை ஒட்டிய மேல் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும், மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான் வருகின்றன.

முதல் தடவை செய்யும்போது எல்லாமே கட்டி மாதிரிதான் தெரியும். மார்பின் கீழ் விளிம்பில் பிறை மாதிரி ஒரு கெட்டியான மேடு இருக்கும், அதைத் தொட்டுப் பயந்து வந்த பெண்கள் எத்தனையோ பேர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது இயல்பு. மூன்று நான்கு மாதத்தில் உங்கள் உடம்பு உங்களுக்குப் பழகிவிடும். உங்கள் வயதில் தொட்டால் நழுவி ஓடுகிற, கோலிக்குண்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டியாக இருக்கும். அதையும் ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுயபரிசோதனை செய்வதால் உயிர் பிழைப்பது கூடுவதில்லை என்று ஆராய்ச்சிகள் சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் ஏன் இன்னும் செய்யச் சொல்கிறீர்கள்?
— ஆசிரியை, கோவை

நீங்கள் படித்தது உண்மை, அதை மறைக்க நான் விரும்பவில்லை. சீனாவின் ஷாங்காய் நகரத்தில் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த 2.66 லட்சம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 1989-லிருந்து சுயபரிசோதனையை நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் சொல்லிக் கொடுத்த பாதியில் 135 பேர், சொல்லிக் கொடுக்காத பாதியில் 131 பேர். வித்தியாசமே இல்லை. சாதாரணக் கட்டிகள் மட்டும் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டு, தேவையில்லாத பயாப்ஸிகள் கூடின.

அதனால் "மாதாமாதம் தடவிப் பார்த்தால் போதும், புற்றுநோய் உங்களை ஒன்றும் செய்யாது" என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மும்பையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஆரம்பித்து, 35-லிருந்து 64 வயது வரை உள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை அனுப்பி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பைத் தொட்டுப் பரிசோதிக்க வைத்தது. அவர்கள் டாக்டர்கள் இல்லை, நர்ஸுகளும் இல்லை. 2021-ல் வந்த முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் முற்றும் முன்பே தெரிய வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்தக் குறைவு தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். பயிற்சி பெற்ற கை வருடாவருடம் பார்க்க வேண்டும், வயதுக்கு ஏற்றபடி மேமோகிராம் எடுக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் ஏதாவது மாறினால் உடனே தெரிவதற்கு உங்கள் உடம்பு உங்களுக்குப் பழகியிருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான பெண்கள் இன்னும் மேமோகிராம் பக்கமே போனதில்லை. குளிக்கும்போது, ஜாக்கெட் கொக்கி போடும்போது தட்டுப்பட்டதாகச் சொல்லித்தான் வருகிறார்கள். அந்த நிலைமையில் "தொட்டுப் பார்க்காதே" என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஆன்லைனில் சிவப்பு விளக்கு டார்ச், ஜெல் பேட் என்று சுயபரிசோதனைக்குச் சாதனங்கள் விற்கிறார்கள். அலுவலகத்தில் வெப்பக் கேமரா முகாமும் வைத்தார்கள், எனக்கு நார்மல் என்று வந்தது. எனக்கு 41 வயது. இனி மேமோகிராம் வேண்டாம்தானே?
— வாசகி, சென்னை

வேண்டும். கேமராவில் நார்மல் வந்ததை வைத்து மேமோகிராமை விட்டுவிடாதீர்கள். வெப்பப் படத்தை மட்டும் நம்பக் கூடாது, அது மேமோகிராமுக்கு மாற்று கிடையாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பல தடவை எச்சரித்திருக்கிறது. ஏஐ சேர்த்துப் புதிதாக வருபவற்றில் ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லது. ஆனால் இன்றைக்கு உங்கள் பரிசோதனையை அதோடு முடித்துக்கொள்ள முடியாது.

ஜெல் பேட் என்பது இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வழுவழுப்பான திரவம், விரல் உராயாமல் வழுக்கிப் போவதற்காக. குளிக்கும்போது சோப்பு நுரையோடு தடவினால் ஏறக்குறைய அதே வேலை நடக்கும், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். சிவப்பு டார்ச்சை மார்பில் வைத்து அழுத்தினால் ரத்தக்குழாய்கள் கருப்பாகத் தெரியும், ரத்த ஓட்டம் கூடிய இடமும் கருப்பாகத் தெரியலாம். ஆனால் எல்லாப் புற்றுநோயும் அப்படித் தெரிவதில்லை. கட்டி கையில் தட்டுப்பட்டும், "டார்ச்சில் ஒன்றும் தெரியவில்லை" என்று ஒரு பெண் வீட்டிலேயே இருந்துவிடுவாளே என்பதுதான் என் பயம். நார்மல் என்று சொல்லி உங்களை வீட்டில் உட்கார வைக்கிற எந்தச் சாதனமும் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த கருவியைப் பற்றி உங்கள் கேள்வியை வைத்துச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஃப்ராங்க் ஹாஃப்மன் என்ற மகப்பேறு மருத்துவர், பார்வையற்ற பெண்களின் விரலுணர்வை மார்பகப் பரிசோதனைக்குப் பயன்படுத்தலாம் என்று நினைத்து ஒரு பயிற்சியையே உருவாக்கினார். மார்பின் மேல் பிரெய்ல் குறியிட்ட ஒட்டும் பட்டைகளை நீளவாக்கில் ஒட்டி, அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார்கள், எதாவது தட்டுப்பட்டால் பட்டையில் உள்ள குறியை வைத்துச் சரியாக எந்த இடம் என்று டாக்டரிடம் சொல்வார்கள். டெல்லியிலும் பார்வையற்ற பெண்கள் இந்தப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சொல்வார்கள், மேற்கொண்டு என்ன செய்வது என்று டாக்டர் முடிவெடுப்பார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் என்று 2024-ல் அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு சொல்லியிருக்கிறது. நானும் என்னிடம் வருகிறவர்களுக்கு 40 ஆனதும் பேச்சை ஆரம்பித்துவிடுவேன். கதிர்வீச்சு பற்றிப் பயம் வேண்டாம், இயற்கையிலிருந்து நம் மேல் ஏழு வாரத்தில் விழும் அளவுதான். சில நொடிகள் அழுத்தும், அது உண்மை, பீரியட்ஸ் முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அன்றைக்கு அக்குளில் பவுடரோ டியோடரன்டோ போடாதீர்கள், படத்தில் சுண்ணாம்புத் துகள் மாதிரி தெரிந்து குழப்பும். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இளம் வயதில் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டியிருக்கும், எம்ஆர்ஐ கூடத் தேவைப்படலாம்.

மேமோகிராம் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 3 என்று போட்டிருக்கிறது. மூன்றாம் கட்டப் புற்றுநோயா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
— வாசகி, சேலம்

இல்லை, நன்றாகத் தூங்குங்கள். பைராட்ஸ் எண் நோயின் கட்டத்தைக் குறிப்பதில்லை, படத்தில் எவ்வளவு சந்தேகம் என்பதைக் குறிக்கிறது. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுப்பார்கள். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள், விட்டுவிடக் கூடாது.

ஆண்களுக்கும் வருமா?
— வாசகர், வேலூர்

வரும். மார்பகப் புற்றுநோய் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவாக ஆண்கள். காம்புக்கு அடியில் கெட்டியாக ஏதாவது இருந்தால் காட்டுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. மார்பில் ஏதோ இருக்கிறது என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். ஆண் டாக்டர் தொடுவார் என்ற கூச்சம், "இந்த வயசுல எனக்கு எதுக்கு செலவு" என்ற பேச்சு. எப்படி அழைத்துப் போவது?
— வாசகர், புதுக்கோட்டை

தம்பி, நீங்கள் எழுதியதே பெரிய விஷயம், நிறைய மகன்கள் இதைப் பேசவே தயங்குவார்கள். அம்மாவிடம் நீங்கள் பேசுவதைவிட அக்கா பேசட்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் இலவசமாகப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் நர்ஸ் அக்காமார்தான் பார்ப்பார்கள், பெண் டாக்டர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். விவரம் தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள். அங்கே பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள், ஒரு தடவை வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி கிளப்புவது கஷ்டம்.

அம்மாவிடம் "உனக்குப் பார்க்கணும்" என்று சொல்ல வேண்டாம். அக்காவுக்கு எப்படியும் 30 தாண்டியிருக்கும், அவரும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்தான். "எனக்குப் பார்க்கணும்மா, தனியாப் போக பயமா இருக்கு, கூட வா" என்று அக்கா கூப்பிடட்டும். தனக்காக வராத அம்மா மகளுக்குத் துணையாக வந்துவிடுவார். அங்கே போனதும் நர்ஸ் அக்காவிடம் முன்பே சொல்லி வைத்து, இரண்டு பேரையும் பார்க்கச் சொல்லுங்கள்.